யுவி லைட் வைத்து ஒட்டிய படலம் கடலில் 11 நாளில் உரிந்துவிட்டது. ஏன்?

கூண்டுமீன் | மண்டபம் | ஆகஸ்ட் 3, இரவு 9.12

வணக்கம். வடகடல் பக்கம் நாங்கள் நாலு பேர் சேர்ந்து மிதவைக் கூண்டில் கொடுவா வளர்க்கிறோம். வெட்டிப் போடுகிற சூடை மீனை எல்லாம் தின்கிறதா, அடியில் போய் அழுகுகிறதா என்று பார்க்க ஒரு பழைய கேமராவை பிவிசி குழாய்க்குள் வைத்து, முன்னால் 4 மி.மீ. கண்ணாடி வட்டம் பொருத்தி இறக்கியிருக்கிறேன். தண்ணீர் புகவில்லை. அது வரைக்கும் சந்தோஷம்.

தொல்லை கண்ணாடியில்தான். மூன்றாம் நாளே கொழகொழப்பு. இரண்டாம் வாரம் குட்டிக் கொட்டலசு (பாறையிலும் படகின் அடியிலும் ஒட்டி வளரும் ஓட்டு உயிர்) உட்கார்ந்துவிடுகிறது. ஹைட்ரஜல் மாதிரி தண்ணீர் குடித்த படலம் மேலே இருந்தால் கடல் உயிர்கள் எளிதில் ஒட்டாது என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். சரி என்று மொபைல் கடையில் 'ஹைட்ரஜல் ஷீட்' வாங்கி, டெம்பர் கிளாஸுக்கு ஊற்றுகிற யுவி பசையைத் தடவி, அவர்கள் தரும் குட்டி லைட்டை ஒரு நிமிடம் காட்டி ஒட்டினேன். கையால் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. கடலில் 11-ஆம் நாள் ஓரம் சுருண்டது. அடுத்த நாள் படலமே இல்லை, எங்கேயோ போய்விட்டது. இரண்டாவது தடவை ஒட்டியதும் அதே கதை. பசை சரியில்லையா, லைட் சரியில்லையா, நான் சரியில்லையா?

டெம்பர்தம்பி | கீழக்கரை | ஆகஸ்ட் 3, இரவு 9.40

அண்ணே, முதலில் ஒரு விஷயம். ஹைட்ரஜல் ஷீட் என்பது பெயர் மட்டும்தான். அது டிபியு, அதாவது ஒரு வகை பாலியூரித்தேன் பிளாஸ்டிக். தண்ணீரெல்லாம் குடிக்காது. நாங்களே கஸ்டமரிடம் அப்படிச் சொல்லித்தான் விற்கிறோம், என்ன செய்வது.

இரண்டாவது, யுவி பசை நிரந்தரமாக ஒட்டுவதற்கு இல்லை. கிளாஸ் உடைந்தால் பிளேடு ஓரத்தை நுழைத்துத் தூக்குகிறோம். அப்படித் தூக்க வராவிட்டால் டிஸ்ப்ளேயே போய்விடும். பாதி ஒட்டி பாதி ஒட்டாமல் இருப்பதுதான் அதன் வேலையே. அதைக் கடலுக்குள் இறக்கியது நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்.

உப்புக்காற்று | தொண்டி | ஆகஸ்ட் 3, இரவு 10.05

லைட் வைத்து ஒட்டுவதாம். கடலில் நின்றது இன்று வரை தாரும் செம்பும்தான். ஒரு எபாக்ஸி டப்பா வாங்கி ஒட்டு, தம்பி.

எமல்ஷன் | இராமநாதபுரம் | ஆகஸ்ட் 4, காலை 7.30

லைட் வைத்துப் படலம் ஒட்டுவது புதிதில்லை அய்யா. அரண்மனைப் பக்கம் நான் ஸ்கிரீன் பிரிண்டிங் கடை வைத்து 22 வருடம். கல்யாணப் பத்திரிகை, மஞ்சப்பை, மன்றத்துப் பனியன் எல்லாம் அதில்தான். மெஷ் துணியில் எமல்ஷன் என்கிற, வெளிச்சம் பட்டால் இறுகும் பசையை இழுத்து, காயவைத்து, மேலே பாசிடிவ், அதாவது எழுத்து கறுப்பாக இருக்கும் தெளிவான ஷீட் வைத்து லைட் காட்டுவோம். வெளிச்சம் பட்ட இடம் இறுகி மெஷ்ஷோடு நின்றுவிடும். கறுப்பு எழுத்து மறைத்த இடம் தண்ணீர் அடித்தால் கரைந்து ஓடிவிடும். அந்த ஓட்டை வழியாகத்தான் மை இறங்குகிறது.

என் அனுபவத்தில் லைட் குறைந்தால் எமல்ஷன் மேல் தோல் மட்டும் இறுகும், உள்ளே பச்சையாகவே இருக்கும். காய்ந்த மாதிரியே தெரியும். கழுவும்போதுதான் வண்டவாளம் வெளியே வரும், மொத்தமாக வழிந்து போகும். உங்கள் படலத்தைக் கடல் கழுவிப் பார்த்திருக்கிறது, அவ்வளவுதான்.

கோந்துப்பாட்டில் | ஆகஸ்ட் 4, காலை 8.15

நல்ல கேள்வி. பதில் சொல்வதற்கு முன் நான்கு விஷயம் தெரிய வேண்டும்.

லைட்டை எந்தப் பக்கத்திலிருந்து காட்டினீர்கள், படலத்தின் மேலிருந்தா, கண்ணாடிக்குப் பின்னாலிருந்தா? இரண்டாவது தடவை உரிந்த படலம் கையில் இருக்கிறதா? இருந்தால், பசை படலத்தின் முதுகில் இருக்கிறதா, கண்ணாடியில் தங்கியிருக்கிறதா? தொட்டால் எங்காவது பிசுபிசுக்கிறதா?

எது உரிந்தது என்பதை விட எங்கே உரிந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கூண்டுமீன் | ஆகஸ்ட் 4, இரவு 8.50

தம்பி, படலத்தின் மேலிருந்துதான் காட்டினேன். இரண்டாவது படலம் வலையில் சிக்கி இருந்தது, எடுத்து வைத்திருக்கிறேன். பசை முழுக்கப் படலத்தோடு வந்துவிட்டது. கண்ணாடி சோப்புப் போட்டுக் கழுவினது போல் சுத்தம். ஓரமெல்லாம் கெட்டி. நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு இன்னும் பிசுக்கு இருக்கிறது.

கோந்துப்பாட்டில் | ஆகஸ்ட் 4, இரவு 10.30

தம்பி இல்லை, அக்கா. சொந்த ஊர் தங்கச்சிமடம், இப்போது வடக்கே ஒரு கல்லூரியில் பாலிமர் வேதியியல் நடத்துகிறேன். முனைவர் பட்டத்துக்கு ஐந்து வருடம் ஒளியால் படலம் ஒட்டுவதையே செய்தவள். ஆகையால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் இரண்டு தப்பு நடந்திருக்கிறது. முதல் தப்பு லைட் சம்பந்தப்பட்டது. டிபியு ஷீட் மஞ்சளாகாமல் இருக்க அதில் பெரும்பாலும் யுவி உறிஞ்சிகள் கலப்பார்கள். நீங்கள் மேலிருந்து காட்டிய வெளிச்சத்தின் பெரும்பகுதியைப் படலமே குடித்துவிட்டது. ஓரத்தில் கசிந்த வெளிச்சம் ஓரத்தை மட்டும் இறுக்கியது, நடு பச்சையாகவே இருந்தது. எமல்ஷன் அண்ணன் சொன்ன அதே வியாதி. இதை நீங்களே சோதிக்கலாம். இருட்டில் ஒரு 100 ரூபாய் நோட்டின் மேல் உங்கள் லைட்டைக் காட்டுங்கள், எண் அச்சும் நார்களும் ஒளிரும். பிறகு நடுவில் அந்த ஷீட்டைப் பிடியுங்கள். ஒளிர்வது மங்கினால் படலம் திருடுகிறது என்று அர்த்தம். இதற்கு மருந்து சுலபம், கண்ணாடிப் பக்கமிருந்து காட்டுங்கள். சாதாரணக் கண்ணாடி 365 நானோமீட்டர் ஒளியை நன்றாகவே விடும். தண்ணீர் சுத்திகரிப்பு டியூப்பில் வருகிற 254 நானோமீட்டரை விடாது. ஆகவே அந்த டியூப்பை வைத்து முயற்சி செய்யாதீர்கள், கண்ணும் போகும்.

இரண்டாவது தப்புதான் பெரியது. கண்ணாடி சுத்தமாக இருந்தது என்றீர்களே, அதில்தான் பதில் இருக்கிறது. பசைக்குள் ஒளி பட்டதும் மூலக்கூறுகள் கைகோத்து நீளச் சங்கிலிகளாகி இறுகின. ஆனால் அவை தங்களுக்குள்தான் கைகோத்தன. கண்ணாடியோடு கைகோக்கவில்லை, பக்கத்தில் படுத்திருந்தன, அவ்வளவுதான். காற்றில் அது போதும். ஆனால் கண்ணாடிக்குப் பசையை விடத் தண்ணீர் மேல்தான் பாசம் அதிகம். ஓரத்திலிருந்து தண்ணீர் ஊர்ந்து உள்ளே போய், பசை இருந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும். போதாததற்குப் பசையும் கொஞ்சம் நீர் குடித்து உப்பும். ஒட்டியிருக்கும் படலம் பக்கவாட்டில் விரிய வழியில்லாததால் ஓரத்தில் இழுவிசை சேரும். ஓரம் சுருள்வது அதனால்தான்.

இறுகுவது வேறு, பிணைவது வேறு. உங்களுக்கு நடந்தது முதலாவது மட்டும்.

பைபர்வல்லம் | பாம்பன் | ஆகஸ்ட் 5, காலை 6.10

அக்கா சொன்னது கையில் தெரிந்த விஷயம். ஈர மரத்தில் பைபர் அடித்தால் அன்றைக்கு இரும்பு மாதிரி நிற்கும், ஒரு கச்சான் காற்றுக் காலம் தாண்டாது. ஆனால் ஒரு சந்தேகம். பைபர் மேட் என்பது முழுக்கக் கண்ணாடி இழைதானே. ரெசின் அதை விட்டுக் கழன்றால் வல்லமே (படகே) பிரிந்து போகணும். 15 வருட வல்லம் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறதே, எப்படி?

கோந்துப்பாட்டில் | ஆகஸ்ட் 5, காலை 7.45

அண்ணே, இந்தப் பேச்சிலேயே சிறந்த கேள்வி இது.

மேட் நீங்கள் வாங்கும்போதே கண்ணாடி இழை மேல் மெல்லிய பூச்சு ஒன்று இருக்கும். அதில் சைலேன் என்று ஒரு பொருள் உண்டு. அதற்கு இரண்டு முனை. ஒரு முனை கண்ணாடியைப் பிடிக்கும், மறுமுனை ரெசின் இறுகும்போது ரெசினோடு சேர்ந்து கோத்துக்கொள்ளும். தரகர் மாதிரி என்று வையுங்கள், ஆனால் விட்டுவிட்டுப் போகாத தரகர். உங்கள் வல்லம் நிற்பது அந்தத் தரகரால்.

ஒளியால் படலம் ஒட்டுகிறவர்களும் அதே யுக்தியைத்தான் பிடித்தார்கள். 1999-ல் பிரக்கர், ரூஹே, நோல், பிராங்க் உள்ளிட்ட ஜெர்மானிய, அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு முனையில் சைலேன், மறுமுனையில் பென்சோபீனோன் உள்ள மூலக்கூறை ஒரே அடுக்காகப் பரப்பில் கட்டினார்கள். அதன் மேல் சாதாரண பாலிஸ்டைரீன் படலம் பூசி யுவி ஒளி காட்டினார்கள். பிறகு கரைப்பானில் நன்றாகக் கழுவினார்கள். பாலிஸ்டைரீன் அந்தக் கரைப்பானில் சர்க்கரை மாதிரிக் கரைந்து போக வேண்டியது. ஆனால் பரப்பை ஒட்டிய சில நானோமீட்டர் மட்டும் போகவில்லை. தலைமுடியின் தடிமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்று வையுங்கள். சங்கிலி நீளமாக இருந்தால் நிற்கும் அடுக்கும் தடிமனாக இருந்தது. ஏனென்றால் ஒரு சங்கிலியை ஒரு இடத்தில் பிடித்தாலே முழுச் சங்கிலியும் நின்றுவிடும்.

இதில் அழகு பென்சோபீனோன் செய்யும் வேலை. ஒளி பட்டதும் அதன் ஆக்சிஜன் முனை வெறி பிடித்ததாகி, பக்கத்தில் எந்தக் கார்பன் ஹைட்ரஜனைப் பிடித்திருந்தாலும் அந்த ஹைட்ரஜனைப் பறித்துக்கொள்ளும். ஹைட்ரஜனைப் பறிகொடுத்த கார்பனும் பறித்த மூலக்கூறின் கார்பனும் இரண்டுமே அரைகுறையாக நிற்பதால் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். கிடைப்பது உறுதியான கார்பன்–கார்பன் பிணைப்பு. பக்கத்தில் பறிக்க எதுவும் கிடைக்கவில்லை என்றால் சும்மா பழைய நிலைக்குத் திரும்பி, அடுத்த ஒளிக்காகக் காத்திருக்கும். அசைடு போன்ற வேறு ஒளி ஒட்டிகள் ஒரே தடவை வெடிக்கிற பட்டாசு. பென்சோபீனோன் மறுபடி மறுபடி முயற்சி செய்யும். அதோடு பெரும்பாலான பிளாஸ்டிக்குகளில் கார்பன்–ஹைட்ரஜன் இருக்கும். ஆகவே அப்படிப்பட்ட படலம் எதிலும் தனிக் கொக்கி வைத்திருக்கத் தேவையில்லை.

பின்னாளில் ரூஹேயின் ஆட்கள் பென்சோபீனோனைப் படலத்தின் சங்கிலியிலேயே அங்கங்கே தைத்தார்கள். அப்போது ஒரே வெளிச்சத்தில் படலம் தனக்குள்ளும் பின்னிக்கொள்ளும், அடியில் பிளாஸ்டிக் இருந்தால் அதோடும் பிணைந்துகொள்ளும்.

எமல்ஷன் | ஆகஸ்ட் 5, காலை 9.20

கழுவினால் நிற்பதுதான் ஒட்டியது என்கிறீர்கள். எங்கள் தொழிலின் முதல் பாடமே அதுதான். முன்பெல்லாம் பைக்ரோமேட் என்கிற குரோமிய உப்பு கலந்துதான் எமல்ஷன் தயாரிப்போம். ஆரஞ்சு நிறம், கையில் பட்டால் புண்ணாகும். அது எப்படி வேலை செய்கிறது என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

கோந்துப்பாட்டில் | ஆகஸ்ட் 5, காலை 11.00

ஒளி பட்டதும் ஆறு இணைதிறன் குரோமியம் மூன்று இணைதிறனாக இறங்கும். இறங்கியது பசைச் சங்கிலிகளைக் கட்டிப்போடும், அதனால் தண்ணீரில் கரையாது. அந்த ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் வரவைக்கும் பொருள். பழைய டப்பா கடையில் மிச்சம் இருந்தால் தொடாதீர்கள்.

உங்கள் தொழிலுக்கு முப்பாட்டன் ஒருவர் பிரான்சில் இருந்தார். நியெப்ஸ் என்று பெயர், 1820-களில் வாழ்ந்தவர். தகரக் கலவைத் தட்டில் நிலக்கீல் பூசி, வெளிச்சம் காட்டி, லாவெண்டர் எண்ணெயில் கழுவினார். வெளிச்சம் பட்டு இறுகிய இடம் மட்டும் நின்றது. உலகத்தில் இன்று மிஞ்சியிருக்கும் மிகப் பழைய கேமராப் படம் அப்படிக் கழுவி எடுத்ததுதான்.

உப்புக்காற்று | ஆகஸ்ட் 5, மதியம் 1.15

தார் என்று நான் சொன்னேனே! :)

சரி, விளையாட்டு போகட்டும். வெளிச்சம்தான் வேண்டும் என்றால் தனுஷ்கோடியில் இல்லாத வெயிலா? லைட் எதற்கு, பேட்டரி எதற்கு? கண்ணாடியை மணலில் வைத்துவிட்டு வந்தால் முடிந்தது.

கோந்துப்பாட்டில் | ஆகஸ்ட் 5, மாலை 6.40

அய்யா, நீங்கள் கிண்டலாகக் கேட்டதை இத்தாலியில் ஒருவர் நிஜமாகவே செய்திருக்கிறார். சியாமிசியான் என்பவரும் அவர் கூட்டாளி சில்பரும் பொலோனியாவில் குடுவைகளை வெயிலில் வரிசையாக வைத்து ஆராய்ச்சி செய்தார்கள். 1900-ல் அவர்கள் ஆல்கஹாலில் கரைத்து வெயிலில் வைத்தது இதே பென்சோபீனோன்தான். கல்லூரியில் நாங்களும் செய்வோம். பென்சோபீனோனை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கரைத்து, ஒரு சொட்டு அசிட்டிக் அமிலம் விட்டு, ஜன்னலோரம் வைத்தால் சில நாளில் வெள்ளைப் படிகம் இறங்கும். லைட்டே கிடையாது.

ஆக, வெயிலால் முடியும். ஆனால் படலத்துக்கு வெயிலை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நமக்கு வேண்டிய 365 நானோமீட்டர் வெயிலில் இருக்கிறது, ஆனால் மேகம் போனால் வந்தால் அளவு மாறும். எவ்வளவு காட்டினோம் என்றே தெரியாது. கண்ணாடி கொதிக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் இந்த வேலைக்கு எதிரி. ஒளி பட்டு விழித்த மூலக்கூறை அது வந்து அணைத்துவிடும். வெயிலில் மெதுவாக நடக்கும்போது ஆக்சிஜனுக்கு நேரம் கிடைக்கிறது. அதிக நாள் விட்டால் அதே வெயில் படலத்தையே அரித்துத் தூளாக்கும். கரையில் கிடக்கிற நைலான் கயிறு என்ன ஆகிறது என்று உங்களுக்குத் தெரியாததா?

பைபர்வல்லம் | ஆகஸ்ட் 5, இரவு 8.00

ஆக்சிஜன் விஷயமும் எங்களுக்குத் தெரிந்ததுதான். ரெசின் காற்றுப் பட்ட பக்கம் பிசுக்கென்றே இருக்கும். கடைசிக் கோட்டில் மெழுகு கலந்து அடிப்போம், அது மேலே மிதந்து மூடிக்கொள்ளும். சின்ன ஒட்டுப் போடும்போது மேலே ஒரு பாலியெஸ்டர் ஷீட்டை வைத்துத் தேய்த்துவிடுவோம். காய்ந்ததும் உரித்தால் கண்ணாடி மாதிரி இருக்கும்.

ஆனால் சைலேனைத் தனியாக நான் பார்த்ததே இல்லை. அது எங்கே கிடைக்கும்?

டெம்பர்தம்பி | ஆகஸ்ட் 5, இரவு 8.25

இன்று ரூபாய் நோட்டுச் சோதனை செய்தேன் அண்ணே. எங்கள் கடையில் மூன்று கம்பெனி ஷீட். இரண்டில் நோட்டு மங்கிவிட்டது, ஒன்றில் அப்படியே ஒளிர்ந்தது. காக்காவிடம், அதான் அண்ணனிடம், காட்டினேன். "வியாபாரத்தைப் பாருடா" என்றார்.

கோந்துப்பாட்டில் | ஆகஸ்ட் 5, இரவு 9.10

தம்பி, நீ செய்ததுதான் ஆராய்ச்சி.

சைலேனுக்கு அலைய வேண்டாம். பல் டாக்டரிடம் இருக்கும். உடைந்த பீங்கான் பல்லை ஒட்டும்போது முதலில் தடவுகிற குட்டிப் பாட்டில், அதுவும் இதே வகை சைலேன்தான். மேலே நீல வெளிச்சம் காட்டி இறுக்குகிற ரெசினுக்குத் தரகர் அது. வாய்க்குள் எந்நேரமும் ஈரம், சூடு, உப்பு, கடி. அங்கேயே நிற்கிறது.

இன்னொன்று. உங்களுக்கு ஒட்டு ஒன்றல்ல, இரண்டு. கண்ணாடி–பசை ஒன்று, பசை–படலம் ஒன்று. முதலாவதற்கு சைலேன். இரண்டாவதற்குப் பென்சோபீனோன். 2016-ல் எம்.ஐ.டி.யில் ஒரு குழு ரப்பர் மேல் ஹைட்ரஜல் ஒட்ட இதைச் செய்தது. ரப்பரின் மேல் பென்சோபீனோன் கரைசலைச் சில நிமிடம் ஊறவிட்டு, மேலே ஜெல்லை வைத்து, யுவி காட்டினார்கள். ஒட்டை இழுத்தால் ஜெல் கிழிகிறதே தவிர, ஒட்டு விடவில்லை. ஆக்சிஜன் தொல்லையையும் அந்தப் பென்சோபீனோன் குறைத்துவிட்டது.

ஒரு வேடிக்கை சொல்லவா? ஷீட்டில் யுவியைக் குடிக்கிற பொருள்களில் சிலவும் பென்சோபீனோன் குடும்பம்தான். ஆக்சிஜனுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ஹைட்ராக்சில் கூடுதலாக இருந்தால் போதும், வாங்கிய ஒளியைத் தனக்குள்ளேயே சூடாக்கிக் கரைத்துவிடும். யாரையும் பறிக்காது. முகத்துக்குத் தடவுகிற சன்ஸ்கிரீனில் உள்ள ஆக்சிபென்சோன் அந்த ரகம். பவளத்துக்குக் கேடு என்று ஹவாய் 2021 முதல் அதன் விற்பனையைத் தடுத்திருக்கிறது. அண்ணன் ஒட்டப் பார்க்கும், தம்பி தடுக்கப் பார்க்கும். உங்கள் ஷீட்டில் இருவரும் நேருக்கு நேர் சந்திக்கப் போகிறார்கள். ஆகவே டெம்பர்தம்பியின் மூன்றாவது ஷீட்டையே வாங்குங்கள்.

கையுறை போடாமல் பசையைத் தொடாதீர்கள். பசையில் இறுகாமல் இருக்கும் அக்ரிலேட் என்கிற பொருள் தோலில் ஒவ்வாமை தரும், ஒரு தடவை வந்தால் ஆயுசுக்கும் விடாது.

கூண்டுமீன் | ஆகஸ்ட் 23, இரவு 9.30

தாமதத்துக்கு மன்னிக்கவும், இடையில் கூண்டு வலை கிழிந்துவிட்டது.

என் மச்சினன் பல் டாக்டரிடம் கம்பவுண்டர். காலாவதி நெருங்கிய சைலேன் பாட்டில் ஒன்று கிடைத்தது. பென்சோபீனோன் மதுரையில் ரசாயனக் கடையில் வாங்கினேன், வெள்ளைத் துகள், ரோஜா மாதிரி லேசான வாசம். கண்ணாடித் துண்டு எட்டு வெட்டினேன், நான்கு விதம், விதத்துக்கு இரண்டு.

ஒன்று, பழையபடி பசை மட்டும், மேலிருந்து லைட். இரண்டு, பசை மட்டும், கண்ணாடிப் பக்கமிருந்து லைட். மூன்று, சைலேன் தடவி ஹேர் டிரையரில் காயவைத்து, பசை, கண்ணாடிப் பக்கம் லைட். நான்கு, சைலேனும் உண்டு, ஷீட்டின் முதுகில் பென்சோபீனோன் கரைசல் பத்து நிமிடமும் உண்டு, 365 டார்ச் கண்ணாடிப் பக்கமிருந்து இருபது நிமிடம்.

பெரிய வாளியில் கடல் தண்ணீர் எடுத்து ஒரு வாரம் போட்டேன். முதல் விதம் மூன்றாம் நாள் ஓரம் தூக்கியது. இரண்டாவது ஐந்தாம் நாள் மொத்தமாக மிதந்தது, நன்றாக இறுகிய படலம் அழகாக, முழுசாக மிதந்தது. அக்கா சொன்ன 'இறுகுவது வேறு, பிணைவது வேறு' என்பதை வாளிக்குள் கண்ணால் பார்த்தேன். மூன்றாவதில் ஷீட் பசையை விட்டு ஒரு மூலையில் கழன்றது. பசை கண்ணாடியிலேயே நிற்கிறது, நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. நான்காவது இரண்டும் அப்படியே இருக்கின்றன. பிளேடு நுழைத்துப் பார்த்தேன், ஷீட்தான் கிழிந்தது.

நாளை நான்காம் விதம் இரண்டையும் கடலில் இறக்குகிறேன்.

பைபர்வல்லம் | ஆகஸ்ட் 24, காலை 5.50

நல்லது தம்பி. மூன்றாவது விதத்திலும் ஒன்றைச் சேர்த்து இறக்கு, வாளி வேறு, கடல் வேறு.

நுண்பாசி | மண்டபம் | ஆகஸ்ட் 24, இரவு 11.20

இவ்வளவு நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். கடல் உயிரியல் படிக்கிற மாணவன். ஒட்டு வேதியியலில் எல்லாரும் மூழ்கியதில் ஒன்றை மறந்துவிட்டீர்களோ என்று தோன்றுகிறது. அண்ணன் கேட்டது படலம் நிற்கவா, கொட்டலசு நிற்காமல் இருக்கவா?

கண்ணாடியைக் கடலில் இறக்கிய சில நிமிடத்தில் கரைந்த கரிமப் பொருள்கள் படிந்துவிடும். சில மணி நேரத்தில் பாக்டீரியா, அப்புறம் டயாட்டம் என்கிற கண்ணுக்குத் தெரியாத பாசி, அதுதான் உங்கள் கொழகொழப்பு. பிறகு கொட்டலசின் சிப்ரிட், அதாவது நீந்தித் திரியும் குஞ்சு வரும். அது வந்து விழுந்து ஒட்டிக்கொள்வதில்லை. இரண்டு உணர்கொம்பால் நடந்து நடந்து இடம் பார்க்கும். பிடித்தால்தான் சிமெண்ட் விட்டு உட்காரும். டிபியு அதற்குப் பிடிக்காத இடம் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை.

நிற்கிற கேமராவுக்கு உலகத்தில் செய்வது வேறு. கண்ணாடியைச் சுற்றிச் செம்பு வளையம், அல்லது துடைப்பான், அல்லது பக்கத்தில் ஒரு யுவிசி (கிருமி கொல்லும் குறுகிய அலை யுவி) எல்.இ.டி. வைத்து அந்தக் கண்ணாடி மேலேயே அடிப்பது. ஒளியால் ஒட்ட வைக்கவும் முடியும், ஒட்டாமல் தடுக்கவும் முடியும். ஆனால் எல்.இ.டி.யை வெளியே வைக்க வேண்டும், அக்கா சொன்ன மாதிரி அந்த அலை சாதாரணக் கண்ணாடிக்குள் நுழையாது.

உப்புக்காற்று | ஆகஸ்ட் 25, காலை 6.30

செம்பு. முதல் நாளே சொன்னேன்.

கூண்டுமீன் | அக்டோபர் 3, இரவு 8.15

40 நாள் முடிந்தது. இன்று காலை எடுத்தேன்.

மூன்றாம் விதம்: ஷீட் போய்விட்டது, பசை மட்டும் கண்ணாடியில் பனி படர்ந்த மாதிரி. நான்காம் விதம்: இரண்டிலும் படலம் ஓரம் கூடச் சுருளவில்லை. சந்தோஷத்தில் துடைக்கப் போனால், மேலே பதினேழு கொட்டலசு. எண்ணினேன். பெரியது சுண்டு விரல் நகம் அளவு. பறித்தால் அதன் அடித்தட்டு படலத்திலேயே தங்குகிறது.

ஆக, படலம் கண்ணாடியில் ஒட்டியது, கொட்டலசு படலத்தில் ஒட்டியது. நுண்பாசி தம்பி ஜெயித்தார். பக்கத்தில் உப்புக்காற்று அய்யாவுக்காக ஒரு கண்ணாடியில் செம்புக் கம்பி சுற்றி வைத்திருந்தேன். அதில் கொழகொழப்பு உண்டு, கொட்டலசு ஓரத்தில் இரண்டே இரண்டு.

நுண்பாசி | அக்டோபர் 3, இரவு 9.00

பதினேழில் எத்தனை ஓரத்தில், எத்தனை நடுவில் என்று குறித்தீர்களா அண்ணே? படம் இருந்தால் போடுங்கள்.

கோந்துப்பாட்டில் | அக்டோபர் 3, இரவு 10.10

கடலில் 40 நாள் ஒட்டு நின்றது எனக்குப் பெரிய விஷயம். பல் டாக்டர் பாட்டிலும் மொபைல் கடை ஷீட்டும் வைத்து இதைச் செய்ததாக என் மாணவர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆனால் மூன்றாம் விதத்துப் பசை பனி மாதிரி ஆனதைக் கவனியுங்கள். சைலேன் கண்ணாடியைப் பிடித்திருக்கும் பிணைப்பு, கடல் நீரின் லேசான காரத்தில் மெல்ல மெல்ல அறுந்துகொண்டேயிருக்கும். நான்காம் விதத்திலும் அது தொடங்கியிருக்கும், ஷீட் மூடியிருப்பதால் தெரியவில்லை. ஒரு வருடம் தாங்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

தம்பி சொன்னதும் சரிதான். ஒட்டத் தெரிந்துவிட்டது, எதை ஒட்டுவது என்பதுதான் இப்போது கேள்வி. உண்மையிலேயே தண்ணீரைக் கட்டி வைத்துக்கொள்ளும் பாலிமர் வேண்டும். நேர் மின்னூட்டமும் எதிர் மின்னூட்டமும் ஒரே சங்கிலியில் உள்ள சல்போபீட்டைன் வகை. அதில் பென்சோபீனோன் தைத்தது கொஞ்சம் எங்கள் ஆய்வகத்தில் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வரும்போது சின்னக் குப்பியில் எடுத்து வருகிறேன். சைலேன் தடவிய கண்ணாடியில் பூசி, டார்ச் காட்டி, கழுவ வேண்டியதுதான்.

கூண்டுமீன் | அக்டோபர் 3, இரவு 10.25

வாருங்கள் அக்கா. வாடை தொடங்கிவிட்டால் வடகடலில் கூண்டு நிற்காது, டிசம்பரில் தென்கடல் பக்கம் இழுத்துப் போயிருப்போம். கண்ணாடி எத்தனை வெட்டி வைக்க?

கோந்துப்பாட்டில் | அக்டோபர் 3, இரவு 10.31

எட்டு. இரண்டை ஒன்றும் தடவாமல் வெறுமனே வையுங்கள். இன்னும் இரண்டில் செம்புக் கம்பி சுற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் தொண்டி அய்யா விடமாட்டார்.